வாசலுக்கு மூடிய அலமாரி: எண்ணுவதிலிருந்து சுவரில் பிணைப்பது வரை

மூடிய அலமாரி வாங்கி வைத்த பிறகும் அதன் முன்னாலேயே செருப்புகள் குவிந்து கிடக்கும் வாசல்கள் ஏராளம். வீட்டில் இருப்பவர்களின் சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அலமாரியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறு காரணங்கள் தெரியும். பெரியவர்களின் ஷூவுக்கு உள்ளே ஆழம் போதவில்லை. தட்டுகள் முதல் வாரத்திலேயே நிரம்பிவிட்டன. அலமாரிக் கதவைத் திறக்க வேண்டுமானால் முதலில் வாசற்கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. ஈரச் செருப்பை உள்ளே வைத்தால் மறுநாள் நாறுகிறது. இவை அனைத்தும் பணம் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடக்கூடியவை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். திறந்த தட்டில் செருப்பைக் காலாலேயே தள்ளி வைத்துவிடலாம். மூடிய அலமாரி என்றால் குனிய வேண்டும், திறக்க வேண்டும், வைக்க வேண்டும், சாத்த வேண்டும். இரண்டு கையிலும் பையோடு வருபவர் இதைச் செய்யமாட்டார். அதனால் வாசலில் இருக்கும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் அலமாரியைத் தேடாதீர்கள். ஒரு நாளில் பலமுறை போட்டுக் கழற்றுவதற்கும் ஈரமாக வருவதற்கும் வெளியே சிறிய இடம் விட்டுவிட்டு, மற்றதற்கு மட்டும் அலமாரியைத் திட்டமிடுங்கள். அலமாரியின் அளவும் குறையும், அது பயன்படவும் செய்யும்.

முதலில் எண்ணிக்கை

வீட்டில் உள்ள அத்தனை காலணிகளையும் ஒரே இடத்தில் பரப்புங்கள். தினமும் போடுவது, வாரத்தில் ஒன்றிரண்டு முறை போடுவது, எப்போதாவது போடுவது என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவது கூட்டத்துக்கு வாசலில் இடமே கிடையாது. அது படுக்கையறை அலமாரிக்கோ பரணுக்கோ போக வேண்டியது. மிச்சம் இருப்பது ஆளுக்கு இரண்டு மூன்று ஜோடிக்கு மேல் வராது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏறக்குறைய 12 ஜோடி. இதற்கு மேல் மூன்று நான்கு ஜோடிக்கு இடம் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். விருந்தினர்களின் செருப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறக்கத் தயங்குவார்கள். அவர்களுக்கு வேண்டியது தரையில் கொஞ்சம் இடம்.

அடுத்து அளவுநாடா. ஆண்களின் ஷூ ஒரு ஜோடிக்கு அகலம் 20 முதல் 22 செ.மீ. பெண்களின் காலணிக்கு 16 முதல் 18, குழந்தைகளுக்கு 14, 15. நீளம் பெரியவர்களுக்கு 25 முதல் 32 செ.மீ. வரை போகும். உயரத்தைப் பார்த்தால் செருப்புக்கு 10 செ.மீ. தட்டு இடைவெளி போதும், சாதாரண ஷூவுக்கு 15, கணுக்கால் வரை வரும் பூட்ஸுக்கு 20க்கு மேல். உள் அகலம் 80 செ.மீ. உள்ள ஒரு தட்டில் ஆண்களின் ஷூ மூன்று ஜோடி தாராளமாகவும் நான்கு ஜோடி நெருக்கியும் நிற்கும். அதாவது 12 ஜோடிக்கு நான்கு தட்டு. பெட்டியின் மேல் ‘20 ஜோடி கொள்ளும்’ என்று அச்சிட்டிருந்தால் அது சின்ன அளவுத் தட்டைச் செருப்புகளை அடுக்கிப் போட்ட கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

செருப்பைத் தவிர வாசலில் சேரும் மற்றவற்றையும் எழுதுங்கள்: சாவி, குடை, ஹெல்மெட், பள்ளிப் பை, கடிதங்கள், ஷூ பாலிஷ், நாய்ச் சங்கிலி. இதில் கவனிக்க வேண்டியது ஹெல்மெட். முகம் முழுவதும் மூடும் வகைக்கு 30 செ.மீ. உயரமும் 35 செ.மீ. ஆழமும் உள்ள அறை வேண்டும். தட்டுகளை நகர்த்த முடியாத அலமாரியில் அது எங்கும் நுழையாது. கடைசியில் அலமாரியின் தலையில் போய் உட்காரும்.

இடத்தை அளப்பது

சுவரின் அகலத்தைத் தரையிலும், இடுப்பு உயரத்திலும், தலை உயரத்திலும் தனித்தனியாக அளந்து, மூன்றில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர்கள் நேராக இருப்பது அபூர்வம். தரையோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் ஒன்றிரண்டு செ.மீ. துருத்திக்கொண்டிருக்கும், அந்த அளவுக்கு அலமாரி சுவரை விட்டுத் தள்ளி நிற்கும். அதை ஆழக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பிறகு நடைபாதையில்தான் இடிக்கும்.

வாசற்கதவை முழுதாகத் திறந்து, அதன் முனை போகும் வழியைத் தரையில் சாக்பீஸால் வரையுங்கள். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 5, 6 செ.மீ.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குள் அலமாரியின் ஒரு மூலைகூட வரக்கூடாது. கதவுத் தடுப்பான் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரிய பெட்டியோ மெத்தையோ உள்ளே வரும் நாளில் கதவு முழுதாகத் திறந்தே ஆக வேண்டும்.

ஆழத்தைத் தீர்மானிக்க எளிய கணக்கு ஒன்று போதும். நடையின் அகலத்திலிருந்து 90 செ.மீ.யைக் கழியுங்கள். மிஞ்சுவதே அலமாரிக்கு. 130 செ.மீ. நடை என்றால் 40 கிடைக்கும், கவலையில்லை. 110 என்றால் 20தான். அங்கே சாதாரணத் தட்டு அலமாரி பொருந்தாது, சரிந்து திறக்கும் வகைக்குப் போக வேண்டும். வழியை 75 செ.மீ.க்கும் கீழே குறைத்தால் தோளில் பை மாட்டியவர் ஒவ்வொரு முறையும் உரசிக்கொண்டு போவார்.

இத்தனையும் தாளில் சரியாக வந்த பிறகு, அதே அளவுக்கு அட்டைப் பெட்டிகளை அந்த இடத்தில் அடுக்கி, நகராமல் டேப் ஒட்டி, மூன்று நாள் விட்டுவையுங்கள். வீட்டில் யார் முழங்காலில் இடிபடுகிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள்.

சுவிட்ச் போர்டு, மின்சார மீட்டர், ஃப்யூஸ் பெட்டி ஆகியவற்றை அலமாரியால் மறைக்கக் கூடாது. அடுக்குமாடியில் வீட்டுக்கு வெளியே, பொது நடைபாதையில் அலமாரி போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தீ விபத்தின்போது புகையில் தட்டுத்தடுமாறி எல்லோரும் ஓடும் வழி அது.

எந்த வகை

நடை குறுகலாக இருந்தால் முதலில் கண்ணில் படுவது சரிந்து திறக்கும் வகை. முன்பலகையை மேலிருந்து இழுத்தால் அது உங்கள் பக்கம் சாயும், ஷூக்கள் உள்ளே செங்குத்தாக நிற்கும். 17, 18 செ.மீ. ஆழத்திலேயே கிடைக்கிறது, ஒல்லியாக அழகாக இருக்கும். ஆனால் மூன்று குறைகள். நீளமான ஷூ தலையை நீட்டிக்கொண்டு நின்றால் பலகை மூடாது. ஆகவே வீட்டிலேயே பெரிய ஷூவைக் கடைக்கு எடுத்துப் போய் உள்ளே வைத்து மூடிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அடுத்தது, அடிப்பாகத்தில் உதிரும் மண் பலகை இடுக்குகளில் தங்கும். கழற்றிக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் தட்டு உள்ளதாகப் பாருங்கள். மூன்றாவது குறை ஆபத்தானது. ஒல்லியான உடம்பு, எல்லாப் பலகைகளையும் ஒரே நேரத்தில் திறந்தால் எடை முழுதும் முன்னால் வந்துவிடும், சுவரில் பிணைக்காவிட்டால் அப்படியே கவிழும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கதவு வைத்த சாதாரணத் தட்டு அலமாரிக்கு 35 செ.மீ. வெளி ஆழம் வேண்டும். பின்பலகையும் கதவின் தடிமனும் போக உள்ளே 32, 33தான் கிடைக்கும். விளம்பரத்தில் இருப்பது வெளி அளவு, உங்களுக்கு வேண்டியது உள் அளவு. தட்டைச் சற்றுச் சாய்வாகப் பொருத்தினால் ஒன்றிரண்டு செ.மீ. மிச்சமாகும். ஒவ்வொரு கதவும் 45 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். அகலமான கதவு தன் எடையாலேயே தொங்கும், திறக்கும்போது அத்தனை தூரம் நீங்கள் பின்வாங்கவும் வேண்டும்.

தள்ளு கதவு முன்னால் இடம் கேட்காது. பதிலுக்கு இரண்டு கதவுகளும் ஓடும் தடங்கள் 4, 5 செ.மீ. ஆழத்தைத் தின்றுவிடும், எந்த நேரத்திலும் பாதி அலமாரிதான் திறந்திருக்கும். செருப்பு அலமாரிக்கு இதைப் பரிந்துரைப்பது கடினம். ஷூவிலிருந்து உதிரும் மணல் நேராகக் கீழ்த்தடத்தில் போய்ச் சேரும், சில மாதத்தில் கதவு கரகரக்கும். வேறு வழியில்லை என்றால் மேலிருந்து தொங்கும் கதவாகப் பாருங்கள்.

உட்கார்ந்து ஷூ போடும் பெஞ்ச் வகை வயதானவர்களுக்கு நல்லது. இருக்கை உயரம் 42 முதல் 48 செ.மீ. வரை, ஆழம் 35க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மேல்மூடியைத் தூக்கித் திறக்கும் பெஞ்சை வாங்காதீர்கள். அதன் மேல் எப்போதும் ஒரு பையோ செய்தித்தாளோ இருக்கும். அதை எடுத்து வைத்துத் திறக்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. முன்புறம் கதவோ இழுப்பறையோ உள்ளது மேல். மூடி வைத்ததையே வாங்கினால், கைவிட்டாலும் மெதுவாக இறங்கும் தாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விரல் நசுங்கும்.

கோட்டு, மழைச்சட்டை போன்றவற்றை ஹேங்கரில் மாட்ட 55 முதல் 60 செ.மீ. ஆழம் தேவை. அது இல்லாத இடத்தில் பின்பலகையில் கொக்கிகளை ஒன்று மேலே ஒன்று கீழே என மாற்றி மாற்றி அடித்தால் 30 செ.மீ. ஆழத்திலும் சமாளிக்கலாம்.

சிறிய வாசலுக்கு எங்கள் தேர்வு, தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் சுவரில் தொங்கும் அலமாரி. அடியில் தினசரிச் செருப்புகள் நிற்கும், துடைப்பமும் துடைகட்டையும் தாராளமாகப் போய்வரும், தொடக்கத்தில் சொன்ன அந்தத் திறந்த இடம் தானாகவே கிடைத்துவிடும். செங்கல்லோ கான்கிரீட்டோ ஆன உறுதியான சுவர் மட்டும் வேண்டும்.

காற்று

மூடிய அலமாரியைப் பற்றிய குறைகளில் பெரும்பாலானவை நாற்றத்தில் முடியும். கால் வியர்வை ஷூவின் உட்புறத்தில் ஊறியிருக்கும். அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் கதவைச் சாத்தினால் பாக்டீரியாவுக்கு வேலை எளிது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் தோல் காலணிகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். வாசனைத் திரவியம் தெளிப்பதால் இது தீராது.

காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். அதனால் அலமாரியின் அடியிலும் உச்சியிலும் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கதவு முழுதும் சாய்வுச் சட்டங்கள் வைத்திருந்தால் சிறப்பு. முன்பக்கம் அழகுக்காக நாலு கீறல் போட்டு, பின்பக்கத்தை முழுதாக அடைத்த அலமாரியில் பெரிதாகக் காற்று ஓடாது. இன்னொரு இடத்தையும் பலர் கவனிப்பதில்லை: தட்டுகள் பின்பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தட்டும் தனிப்பெட்டி ஆகிவிடும். பின்னால் 2 செ.மீ. இடைவெளி விட்ட தட்டு, அல்லது கம்பித் தட்டு நல்லது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலும் அதே 2 செ.மீ. இருக்கட்டும்.

வாங்கிய அலமாரியில் திறப்பு இல்லையா? 35 மி.மீ. துளைவெட்டியை டிரில்லில் மாட்டி, பின்பலகையில் கீழ் வரிசையில் மூன்று, மேல் வரிசையில் மூன்று துளை போடுங்கள். வெட்டிய ஓரங்களில் இரண்டு கை வார்னிஷ் பூசுங்கள். பூசாமல் விட்டால் ஈரம் அந்த வழியாகவே பலகைக்குள் இறங்கும். கரப்பான் நுழையாதபடி உள்பக்கம் நெருக்கமான வலை ஒட்டுங்கள்.

நனைந்த காலணியை அன்றே உள்ளே வைக்காதீர்கள். உள்ளுறையை உருவி, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஓரிரு மணிக்கு ஒருமுறை தாளை மாற்றி, குறைந்தது ஒரு நாள் முழுதும் வெளியே காயவிடுங்கள். இதற்காக விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாசலிலேயே கிடக்கட்டும். நனைந்த குடைக்கும் இதே விதிதான். சிலிக்கா ஜெல் பொட்டலம், கரித்துண்டுப் பை, சமையல் சோடாக் கிண்ணம் எல்லாமே உதவும், ஓரளவுக்கு. ஈரத்தைக் குடித்து நிறைந்த சிலிக்கா ஜெல்லை மீண்டும் உலர்த்தாவிட்டால் அது வெறும் பொட்டலம்.

பலகையும் கீலும்

வாசல் அலமாரியைக் கெடுப்பது தரை கழுவும் தண்ணீர். மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டின் ஓரத்தில் நீர் ஏறினால் உப்பும், உப்பியது திரும்பாது. மெல்லிய மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அதைவிட ஓரளவு மேல், அவ்வளவே. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு, நீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் பிளைவுட் ஏற்றது. பவுடர் பூச்சு உள்ள இரும்பு நீண்டநாள் வரும், ஆனால் கீறல் விழுந்த இடத்தில் துரு பிடிக்கும், கதவு சாத்தும் சத்தமும் வீடு முழுக்கக் கேட்கும். பிவிசி பலகைக்குத் தண்ணீர் பயமில்லை. ஸ்க்ரூ பிடிப்பு குறைவு, நீளத் தட்டுகள் வளையும்.

கடையில் குனிந்து, பக்கவாட்டுப் பலகையின் அடி ஓரத்தையும் கதவின் அடி ஓரத்தையும் விரலால் தடவுங்கள். ஓரத்தை மூடும் பட்டை ஒட்டாமல் சொரசொரப்பாக இருந்தால் அங்கேதான் முதலில் உப்பும். தரையில் நிற்கும் அலமாரிக்கு 10 முதல் 15 செ.மீ. கால்கள் அவசியம். பலகை 16 அல்லது 18 மி.மீ. தடிமன், தட்டின் நீளம் 80 செ.மீ.க்குள், பின்பலகை முடிந்தால் 6 மி.மீ. இருக்கட்டும். 3 மி.மீ. அட்டையை ஆணியடித்த பின்பலகை என்றால் அலமாரி பக்கவாட்டில் ஆடும். புதுப் பலகையின் காரநெடி, அதை ஒட்டிய பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு வாயுவால் வருவது. அந்த வாயு குறைவு என்பதைக் காட்டும் ஈ1 (E1) என்ற தரக்குறி உள்ளதாக வாங்கி, முதல் சில நாள் கதவுகளைத் திறந்தே வையுங்கள்.

கீல் உலோகத்தில், கதவில் குடைந்து பதிக்கும் 35 மி.மீ. கிண்ணம் உள்ளதாக இருக்கட்டும். கதவு உயரம் 90 செ.மீ. வரை இரண்டு கீல், அதற்கு மேல் 160 வரை மூன்று. கைப்பிடி விஷயத்தில், குறுகிய நடையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிகளில் பை வார் மாட்டி இழுக்கும். அழுத்தினால் திறக்கும் வகை பார்க்க நன்றாக இருக்கும், முழங்கால் பட்டாலும் திறந்துகொள்ளும். கதவின் மேல் ஓரத்தில் வெட்டிய பிடிக்குழி இரண்டு தொல்லையும் இல்லாதது; காற்றுக்கும் வழி ஆகிறது.

பொருத்தும் வரிசை

1. உயரமான அலமாரியின் பலகைகளைப் படுக்கவைத்து இணைத்து நிமிர்த்துவதாக இருந்தால் மூலைவிட்டத்தைக் கணக்கிடுங்கள். 240 செ.மீ. உயரம், 40 செ.மீ. ஆழம் உள்ளது நிமிரும்போது 243 செ.மீ.க்குச் சற்று மேல் எட்டும். கூரை 242 என்றால் இடிக்கும். நிற்கவைத்தே இணைக்க வேண்டும்.

2. இடத்தில் வைத்து, ரசமட்டத்தை மேற்பலகையில் நீளவாட்டிலும் ஆழவாட்டிலும் வைத்துப் பாருங்கள். தரைச்சரிவைக் கால் திருகுகளால் சரிசெய்யுங்கள். கதவு தானாகத் திறந்துகொண்டால் குற்றம் பெரும்பாலும் கீலில் இல்லை, மட்டத்தில்.

3. சுவரில் குறைந்தது இரண்டு இடத்தில் பிணையுங்கள். செங்கல், கான்கிரீட் சுவருக்கு 8 மி.மீ. துளை, 8 மி.மீ. வால் பிளக், 5 மி.மீ. ஸ்க்ரூ. பூச்சே ஒன்றிரண்டு செ.மீ. இருக்கும், அது எடை தாங்காது. பிளக் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் இறங்கும் நீளம் வேண்டும். உள்ளே வெற்றிடமான ஜிப்சம் சுவரில் சாதாரண பிளக் பிடிக்காது. உள்ளிருக்கும் சட்டத்தைக் கண்டுபிடித்து அதில் அடியுங்கள், இல்லையேல் உள்ளே விரியும் ஆங்கர் போடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, அதே மட்டத்தில் பக்கவாட்டில் துளை போடாதீர்கள்; வயர் போகும் வழிகள் அவை.

4. இதற்குப் பிறகுதான் கதவைச் சீர்செய்ய வேண்டும். கீலின் முன் ஸ்க்ரூ கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும், பின் ஸ்க்ரூ முன்னும் பின்னும், பலகையில் பதிந்த தகட்டின் ஸ்க்ரூ மேலும் கீழும். அரைச்சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள்.

5. தட்டு ஒதுக்கீடு: குழந்தைகளுக்கு அடித்தட்டு, கனமான ஷூக்களும் அங்கேயே. முதுகு வளையாதவர்களுக்கு இடுப்பு உயரம். மேல் இழுப்பறை சாவிக்கு. ஒரு கை ஆழம் போதும், பெரிதாக இருந்தால் குப்பைதான் சேரும்.

அலமாரியின் மேற்பரப்பைக் காலியாக வைத்திருக்க யாராலும் முடிவதில்லை. 20க்கு 30 செ.மீ. தட்டு ஒன்றை வைத்து, அதில் அடங்குவது மட்டும் என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இரண்டு வாரம் ஆனதும் இன்னும் வெளியே கிடப்பது எது என்று பாருங்கள். அது எப்போதும் ஒருவருடைய செருப்பாகவே இருந்தால் அவருடைய தட்டு எட்டாத இடத்தில் இருக்கிறது, மாற்றிக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கீல் ஸ்க்ரூக்களை இறுக்கி, சுவர்ப் பிணைப்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். துளி அசைந்தாலும் பிளக்கைக் கழற்றிவிட்டு அடுத்த பெரிய அளவில் போட வேண்டும்.